பட்டினப்பாக்கத்தில் பனி

பட்டினப்பாக்கத்தில் வீடு பார்க்கப் போனால் புரோக்கர் முதலில் ஜன்னலைத் திறந்து காட்டி, "கடல் காத்து சார், ஃபேனே வேணாம்" என்பார். அந்தக் காற்று உப்பையும் சுமந்து வருகிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார். அட்வான்ஸ் கொடுத்த பிறகு நாமே தெரிந்துகொள்வோம். ஜன்னல் கம்பி, கேட்டின் தாழ்ப்பாள், சைக்கிள் செயின், வேண்டாம் என்று அவர் சொன்ன அதே ஃபேன், எல்லாம் இங்கே சீக்கிரமே கிழடு தட்டிவிடும். பழைய ஹவுசிங் போர்டு வீடுகளில் காரை உதிர்ந்து உள்ளே இருக்கும் கம்பியே வெளியே வந்து காற்று வாங்கும்.

அந்தப் புகழ்பெற்ற காற்று கத்திரி வெயில் காலத்து மத்தியானம் ஒன்றில் திரைச்சீலையைத் தூக்கிற்று. திரைச்சீலை காப்பி டம்ளரைத் தட்டிற்று. டம்ளர் என் லேப்டாப்பின் கீபோர்டில் குப்புற விழுந்தது. கடற்காற்று சீக்கிரம் உள்ளே வந்தால் சென்னையில் வெயில் தணியும் என்று வானிலைக்காரர்கள் சொல்வதுண்டு. காப்பி காலியாகும் என்று ஒருவரும் எச்சரித்ததில்லை. காற்றின் மேல் மெரினா போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கவும் வழியில்லை.

அரிசி மூட்டைக்குள் புதைத்து வைக்கச் சொன்னார் மாமியார். "அப்புறம் அந்த அரிசிய யாரு சாப்பிடறது?" என்று என் மனைவி கேட்டதோடு அந்த வைத்தியம் நின்றது. நல்லதுதான். அரிசி ஈரத்தை இழுப்பதே சந்தேகம். பாலையும் சர்க்கரையையும் அது எப்படி இழுக்கும்? தண்ணீர் காய்ந்துபோகும். பிசுக்கு போர்டிலேயே தங்கி, கரன்ட் பாயும்போது செம்பை அரிக்கும்.

சர்வீஸ் கடையில் போர்டைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, கீபோர்டை மாற்றி, பில்லோடு திருப்பிக் கொடுத்தார்கள். லேப்டாப் பிழைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து சார்ஜரைச் செருகினால் திரையின் மூலையில் ஒரு வாசகம்: 'ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்'. இலை போட்டு உட்காரவைத்தாயிற்று, சாப்பிட மாட்டேன் என்கிற மாப்பிள்ளை மாதிரி. வயரைப் பிடுங்கினால் அந்த நொடியே கறுத்துப்போகும். மடியில் வைக்க வாங்கியது சுவரோடு கட்டிப்போட்ட மாடாகிவிட்டது.

கடைக்காரருக்கு போன் செய்தேன். "பேட்டரிக்கு வயசாயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்." லித்தியம் அயன் பேட்டரியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் குடினஃப் 2019-ல் நோபல் பரிசு வாங்கியபோது அவருக்கு வயது 97. அவருக்கே ஆகாத வயசு என் பேட்டரிக்கு மட்டும் எப்படி ஆயிற்று?

எதிர் ஃப்ளாட்டில் மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "எர்த் சரியில்லப்பா." அவருடைய பேரன் டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னான். போட்டேன். அதற்கும் அசையவில்லை. அடுத்த சந்தேகம் சார்ஜர் மேல். சில கம்பெனி சார்ஜர்களின் முனையில், நடுவே ஊசி போல ஒரு பின் இருக்கும். தான் எத்தனை வாட் என்பதை சார்ஜர் அதன் வழியாகத்தான் லேப்டாப்புக்குச் சொல்லும். அது கெட்டால் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாது. அதே மாடல் சார்ஜரைக் கடன் வாங்கிச் செருகிப் பார்த்தேன். பலனில்லை.

விண்டோஸிடம் பேட்டரி ரிப்போர்ட் கேட்டேன். கொள்ளளவு ஏறக்குறைய புதிதில் இருந்ததுபோலவே இருப்பதாக பேட்டரியே கணக்கு எழுதிக் கொடுத்தது. செத்துப்போனவர் கணக்கு எழுதிக் கையெழுத்தும் போடுவது நம் ஊரில் சில ஆபீஸ்களில் நடக்கலாம், பேட்டரியில் நடக்காது.

ரிப்போர்ட்டை நம்பி ஆட்டோ பிடித்தேன். சாந்தோம், காமராசர் சாலை, வாலாஜா சாலை, அண்ணா சாலை தாண்டி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் மொய்க்கும் ரிச்சி தெரு. அங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரியாதவர் என்னைப் போல் வெளியாள். மாடிப்படிக்குக் கீழே, மைக்ராஸ்கோப்பும் மல்டிமீட்டருமாக உட்கார்ந்திருந்த தம்பி பேட்டரி கனெக்டரைக் கழற்றினார். மீட்டர் முனையை இங்கும் அங்கும் வைத்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"சார், பேட்டரி நல்லாத்தான் கீது. அதுக்குக் குளிருது."

அக்னி நட்சத்திரம். அந்தப் படிக்கட்டுக்கடியில் ஃபேன்கூட இல்லை. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

விளக்கினார். கனெக்டரில் பிளஸ், மைனஸ், பேச்சுவார்த்தைக்கு இரண்டு பின், அவற்றோடு வெப்பநிலை சொல்ல ஒரு பின். அதன் மறுமுனையில் பேட்டரிக்குள் தெர்மிஸ்டர். குளிரக் குளிர அதன் தடை ஏறும்: 25 டிகிரியில் 10 ஆயிரம் ஓம் என்றால், பூஜ்ஜியத்தில் ஏறக்குறைய 30 ஆயிரம். கனெக்டரில் அந்த ஒரு பின் மட்டும் பாசி பிடித்ததுபோல் பச்சையாகி, தொடர்பு அறுந்திருந்தது. தொடர்பு அறுந்தால் தடைக்கு எல்லையே இல்லை. ஆகவே குளிருக்கும் எல்லை இல்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லைக் கெடுத்துவிடும். அதனால் சார்ஜிங் சிப், பட்டினப்பாக்கத்தில் பனி கொட்டுவதாக நம்பி, கடமை தவறாமல் கதவைச் சாத்திவிட்டது. பேச்சுவார்த்தைப் பின்கள் நன்றாக இருந்ததால் ரிப்போர்ட் மட்டும் ஒழுங்காக வந்தது.

2003 மே மாதம் 45 டிகிரி பார்த்த ஊர் இது. ஆனாலும் சிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். மார்கழியில் 20 டிகிரிக்கே மங்கி கேப்பும் மஃப்ளருமாக நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நாம். இத்தனை வருஷம் எங்களோடு இருந்த லேப்டாப் வேறெப்படி இருக்கும்?

போர்டைக் கழுவியவர்கள் பேட்டரி பக்கத்துக் கனெக்டரைத் தொடவில்லை. அதில் தங்கிய காப்பி ஆரம்பித்ததை உப்புக்காற்று முடித்துவைத்தது. தம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஆல்கஹால் விட்டு, பின்னுக்குப் புதுசாக ஈயம் வைத்தார். செருகியதும் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. கூலி, நான் வந்த ஆட்டோவுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

உங்கள் லேப்டாப்பில் காப்பியோ சாம்பாரோ கொட்டினால் உடனே அணைத்துவிட்டு சார்ஜரைப் பிடுங்குங்கள். சர்வீஸில் பேட்டரி கனெக்டரின் இரண்டு பக்கத்தையும் கழுவச் சொல்லுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். குத்தாமல் அழுத்தாமல் மாற்றிவிடுங்கள். உப்பாத பேட்டரியை மீட்டர் வைக்காமலேயே "போயிடுச்சு" என்று சொல்கிறவர் முன்னால் மட்டும் பர்ஸைத் திறக்காதீர்கள்.