மனு போட்டால் நகரும்

கே: சுற்றுச்சூழல் தொண்டு நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் நண்பர்களா, எதிரிகளா?
(நெசவாளர், ஆரணிப்பாளையம்)

ப: சம்பந்தி வீட்டார். பந்தியில் பக்கத்தில் உட்காருவார்கள். சாம்பாரில் உப்பு குறைந்தால் ஊரைக் கூட்டுவார்கள்.

கே: இவர்கள் வழக்குப் போட்டு எங்காவது ஏதாவது நடந்திருக்கிறதா?
(கல்லூரி மாணவி, ஆரணி)

ப: பக்கத்திலேயே நடந்தது. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகளை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு: தொழிற்சாலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். அந்தத் தீர்ப்பில் ருசியான இடங்கள் உண்டு. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ பாழ் என்றது அரசு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம். திண்டுக்கல் பக்கம் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போச்சு என்று எண்ணிச் சொன்னது ஒரு தொண்டு நிறுவனம். இரண்டையும் நீதிபதிகள் சேர்த்தே படித்தார்கள். மனுதாரருக்காக வாதாடிய எம்.சி.மேத்தாவுக்கு 50,000 ரூபாய் தரச் சொன்னது யாரை? தமிழக அரசை! எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஃபீஸ் கட்டிய பெருமை நமக்குண்டு.

கே: அப்போ பாலாறு சுத்தமாகிவிட்டதா?
(அதே மாணவி)

ப: 2025 ஜனவரியில் அதே தோல் கழிவுக்காக உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு எழுதியது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கே: மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கும்போது தொண்டு நிறுவனங்கள் எதற்கு?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கொசப்பாளையம்)

ப: கரண்ட்டைப் பிடுங்கும் அதிகாரம்கூட வாரியத்துக்கு உண்டு. ஆனால் எந்த ராத்திரியில் வாய்க்கால் சிவப்பாக ஓடுகிறது என்பது ஊர்க்காரருக்குத்தான் தெரியும். இன்னொன்று: நேர்மையான அதிகாரிக்கு மனுதான் கவசம். மேலிடத்திலிருந்து போன் வந்தால், "புகார் வந்திருக்கு சார், எழுத்துல பதில் சொல்லணும்" எனலாமே!

கே: அரசுத் திட்டப் பணம் வாங்கும் தொண்டு நிறுவனம் அரசைக் கேள்வி கேட்குமா?
(வாசகர், செய்யாறு)

ப: கேட்கும். கடைசித் தவணை வந்த மறுநாள்.

கே: பட்டுக்குச் சாயம் போடும் சின்னப் பட்டறை என்னுடையது. இவர்கள் வந்தால் மூடிவிடுவார்களோ?
(ஆரணி)

ப: பயம் நியாயம்தான். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஆனால் அது முதல் எச்சரிக்கை அல்ல. அதே நீதிமன்றத்தின் 2006 உத்தரவை மதிக்காததால் வந்த வினை. நூல் வேகவைத்த சோப்புத் தண்ணீரையும் சாயத் தண்ணீரையும் நீங்கள் ஒருவராகச் சுத்திகரிக்க முடியாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கேட்டு நாலு பட்டறைக்காரர்கள் சேர்ந்து மனு எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் அந்தத் தொண்டு நிறுவனத்தாரையே கூப்பிடுங்கள். மனு எழுதுவதில் அவர்களை அடிக்க ஆளில்லை.