மோட் மேஜர்

‘இன்னும் பதினெட்டு ஜிபிதான் மாமா, முடிஞ்சிடும்.’

ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு மேஜர் இப்படிச் சொன்னால், வீட்டில் அன்றைக்கு வேறு யாருக்கும் இன்டர்நெட் இல்லை என்று பொருள். மேஜர் பட்டாளத்தில் இருந்ததில்லை. என்.சி.சி.கூடக் கிடையாது, காலையில் எழுந்திருக்கணும் என்பதால் சேரவில்லை. சேலையூரில் மாடி ரூம், இரண்டு மானிட்டர், தலையில் எப்போதும் ஹெட்போன். உங்கள் வீட்டில் மச்சினனாக இல்லாவிட்டால் எதிர் ஃபிளாட்டில் இருப்பார்.

ஊரில் நிஜமான விமானப்படைத் தளமே இருக்கிறது. 1954-லிருந்து விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே அங்கே பாடம் நடக்கிறது. மொட்டை மாடிக்கு மேலே ஹெலிகாப்டர் போனால் தெருப் பிள்ளைகள் கை ஆட்டும். மேஜர் ஜன்னலைச் சாத்துவார். ‘மோட்ல சவுண்டு இதைவிட நல்லா இருக்கும் மாமா.’

அவர் ஆடுவது, சரி, ஆடப்போவது, ஆர்மா 3 என்கிற கம்ப்யூட்டர் யுத்த விளையாட்டு. செக் நாட்டு பொஹீமியா இன்டராக்டிவ் 2013-ல் வெளியிட்டது. அதில் வரும் ஆல்டிஸ் தீவு கிரேக்க நாட்டு லெம்னோஸைப் பார்த்துச் செய்தது. 2012-ல் அந்தத் தீவுக்குப் போய்ப் படம் எடுத்த கம்பெனி ஆட்கள் இரண்டு பேரை உளவாளிகள் என்று பிடித்து 129 நாள் உள்ளே வைத்தார்கள். மேஜர் இதைச் சொல்லும்போது பக்கத்து செல்லில் இவரும் களி தின்றதுபோலக் குரல் கம்மும். ‘கேம்னு சொல்லாதீங்க மாமா, சிமுலேஷன். உங்க பப்ஜிக்கே தாத்தா இது.’ அந்த இரண்டாவது விஷயம் உண்மைதான். பப்ஜியை உருவாக்கியவர் அதற்கு முன்னால் இதற்கு மோட், அதாவது ஆட்டத்தில் ஏற்றும் கூடுதல் ஒட்டு, எழுதியவர். ‘உங்க பப்ஜி’ என்றதுதான் எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் என்னையும் உட்கார வைத்தார். இருபது நிமிஷம் வயலில் நடந்தேன். எங்கிருந்தோ ‘டப்’ என்றது. செத்துப்போனேன். சுட்டவனைப் பார்க்கவில்லை, நான் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. ‘அதான் மாமா ரியலிசம்!’ மேற்குத் தாம்பரத்திலிருந்து கிழக்குக்கு ரோட்டைக் கடந்தாலே இந்த அனுபவம் கிடைக்கிறதே, அதற்கு எதற்குக் கிராபிக்ஸ் கார்டு?

ஆனால் அவர் ஆடுவதை நான் பார்த்ததே அபூர்வம். மேஜரின் வேலை மோட் போடுவது. ரஷ்ய டாங்கிக்கு ஒன்று, பூட்ஸ் சத்தத்துக்கு ஒன்று, அந்த ஒன்று ஓடுவதற்கு அடியில் இன்னொன்று. முடிச்சூரில் மனை வாங்கி இருபது வருஷமாகக் காம்பவுண்டு சுவர் மட்டும் கட்டுவாரே ஒரு சித்தப்பா, அந்த ஜாதி. ஒன்பது மணிக்குத் தாக்குதல் என்று எட்டுப் பேர் கூடுவார்கள். ஒருத்தனுக்கு வெர்ஷன் பழசு, ஒருத்தனுக்கு எரர். பத்தரைக்கு எல்லாருக்கும் சரியாகும்போது ஒருத்தன் அம்மா கூப்பிடுகிறாள் என்று போய்விடுவான். தீவில் எதிரி நிம்மதியாகத் தூங்குவான்.

வாக்கிடாக்கிக்கென்று ஒரு மோட். தூரம் போனாலோ மலை குறுக்கே வந்தாலோ குரல் கரகரக்குமாம். எங்கள் மாடியில் நிஜ செல்போனே அப்படித்தான், அதை யாரும் மோட் என்று மெச்சுவதில்லை. அதில் பேசக் கேப்ஸ் லாக்கை அழுத்தவேண்டும். திங்கட்கிழமை காலை அது அப்படியே இருக்க, மேஜரின் ஆபீஸ் மெயில் முழுக்கப் பெரிய எழுத்தில் போகும். ‘ஏதாவது பிரச்சனையா தம்பி?’ என்று மேனேஜரே போன் பண்ணினார்.

ஏஸ் என்கிற மோட் போட்டால் குண்டு பட்டவனுக்கு நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து, இறுக்குக்கட்டு போட்டு, மார்ஃபின் ஏற்றவேண்டும். போன மாசம் மாங்காய் நறுக்கும்போது என் கட்டைவிரல் வெட்டிக்கொண்டது. ‘ரத்தம் எந்த ரேட்ல போகுது மாமா?’ என்று வாசலில் நின்று கேட்டார். பேண்ட்-எய்ட் எந்த டிராயரில் என்று அவருக்குத் தெரியவில்லை. சிலிண்டரைத் தூக்கச் சொன்னால் முதுகு பிடிக்கும்.

சிரித்தது போதும். ரௌட்டர் என்னுடையது, பில் நான் கட்டுகிறேன். சிங்கப்பூர்ப் பேத்தி வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு ராத்திரிதான் பேசுவாள். அவள் முகம் பாதி வாயோடு அப்படியே உறைந்து நிற்கிறது, மாடியில் யாரோ ஒரு ரஷ்யனின் பூட்ஸ் இறங்கிக்கொண்டிருக்கிறது. என் மனைவி தம்பியைத் திட்டமாட்டாள். என்னைத்தான் திட்டுவாள்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லவேண்டும். 2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நடந்த வாரம், குடும்ப குரூப்பில் ராத்திரி வானத்தில் விமானம் வெடிக்கிற வீடியோ வந்தது. பெரியப்பா ஜெய்ஹிந்த் போட்டார், அத்தை அழுதாள். மேஜர் பத்து செகண்டு பார்த்தார். ‘இது ஆர்மா மாமா. புகையைப் பாருங்க, அப்படியே நிக்குது.’ குரூப்பிலும் எழுதினார், கேப்ஸ் லாக்கில். ‘நீ என்ன மிலிட்டரியா?’ என்று பெரியப்பா கேட்டார். மேஜர் பதில் போடவில்லை. அன்று ராத்திரி மோட்கூடப் போடவில்லை.

நேற்று மறுபடி ஞாயிறு. ரௌட்டர் சுவிட்சில் கை வைத்துவிட்டேன். மாடிப்படியில் வெறுங்கால் ஓட்டம்.

‘மாமா, மாமா! தொண்ணூத்தேழு பர்சன்ட்!’

கையை எடுத்தேன்.