கண்ணி கோப்பவர்

இங்கிலாந்தின் சிற்றூர்களிலும் புறநகர்களிலும், வீட்டுப் பின்புறத் தோட்டத்தின் மூலையில் நிற்கும் மரக்கொட்டகைகளுக்குள், உண்மையான டாங்கியின் ஆறில் ஒரு பங்கு அளவுள்ள உலோக மாதிரியைத் திருகு திருகாகப் பூட்டியபடி ஓய்வூதியக் காலத்தைக் கழிக்கும் ஆடவர் கூட்டம் ஒன்று உண்டு. அக்கூட்டத்திலும் தனியே பிரித்து ஆராயத்தக்க ஒரு வகையினர் இருக்கின்றனர். இவர்களுக்குப் பீரங்கி ஒரு பொருட்டன்று. கவசத் தகடு, சுழலும் மேற்கூண்டு, உள்ளே உறுமும் மின்மோட்டார் ஆகியவையெல்லாம் அடியில் ஓடும் சங்கிலிப்பட்டைக்குத் துணையாக மேலே ஏற்றி வைக்கப்பட்ட உபரிப் பொருள்கள் மட்டுமே. சங்கிலிப்பட்டை என்பது, சக்கரங்கள் சேற்றில் புதையாதிருக்க வண்டி தானே தன் முன்னால் விரித்துத் தானே பின்னாலிருந்து சுருட்டி எடுத்துக்கொள்ளும் இரும்புப் பாதை. அதன் ஒவ்வொரு துண்டும் ஒரு கண்ணி. அடுத்தடுத்த இரு கண்ணிகளின் காதுகளைக் கோத்துப் பிணைக்கும் எஃகுக் கம்பி, பின். இந்தப் பின்னுக்கும் காதுத் துளைக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் தம் வாழ்நாளின் பிற்பகுதியைக் குடியமர்த்திவிட்டவரைக் கண்ணி கோப்பவர் என்று அழைக்கலாம்.

இவருக்கு முன்னோர் உண்டு. பெர்சிவல் மார்ஷல் என்பவர் 1898இல் லண்டனில் ‘மாடல் எஞ்சினியர்’ என்ற இதழைத் தொடங்கிய காலத்திலேயே, பகலெல்லாம் தொழிற்சாலையில் பெரிய எந்திரங்களோடு போராடிவிட்டு, இரவில் வீட்டுக்கு வந்து அதே எந்திரங்களைச் சிறிய அளவில் கடைந்து இளைப்பாறும் மனிதர்கள் அந்நாட்டில் பெருகியிருந்தனர். அவ்வழியில் வந்த நீராவி ரயில் மாதிரிக்காரர்கள், வெறும் இரும்புத் துண்டிலிருந்து சக்கரத்தைக் கடைந்தெடுக்கும் தம் குலப்பெருமையை முன்னிட்டு, டாங்கிக்காரரைப் பெட்டியில் வந்ததை எடுத்துப் பூட்டுபவர் என்று சற்றே இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. கண்ணி கோப்பவர் அதற்கு வாய்ச்சொல்லால் மறுமொழி கூறுவதில்லை. சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் கண்ணி ஒன்றை, வார்ப்பச்சிலிருந்து பிசிறும் தையலுமாக வந்த நிலையிலேயே எடுத்து மேசைமேல் வைத்து, இதைப்போல் இன்னும் 191 இருக்கின்றன என்று மட்டும் தெரிவிக்கிறார்.

அந்த எண்ணிக்கை டைகர் டாங்கிக்கு உரியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் களமிறக்கிய, ஏறத்தாழ 57 டன் எடையுள்ள முதல் வகை டைகரின் ஒவ்வொரு பக்கத்துச் சங்கிலியிலும் 96 கண்ணிகள் உண்டு. ஒரு கண்ணியின் அகலம் 725 மில்லிமீட்டர். ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரையுள்ள தூரம் 130 மில்லிமீட்டர். இவற்றை ஆறால் வகுத்தால், உள்ளங்கை அகலத்தைவிடப் பெரிதாய் 121 மில்லிமீட்டர் அகலமும், பின்னுக்குப் பின் 21.7 மில்லிமீட்டர் தூரமும் கொண்ட கண்ணி கிடைக்கிறது. ஒரு பக்கத்துச் சங்கிலி இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் நீள்கிறது. 192 பின்களையும் ஒரே கம்பியிலிருந்து வெட்டுவதாயின் அக்கம்பி சுமார் 23 மீட்டர் நீளம் இருந்தாக வேண்டும். இக்கணக்குகளைக் கேட்கும் விருந்தினருக்குத் தலைசுற்றும்; சொல்பவருக்கோ ஒவ்வொரு முறை சொல்லும்போதும் புத்துணர்ச்சி பிறக்கிறது. மாதிரியின் எடை எவ்வளவு என்று யாரேனும் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால், நீளம் ஆறில் ஒன்றாகும்போது எடை 216இல் ஒன்றாகும் என்ற கன அளவு விதியும், அதன்படி 264 கிலோ இருக்க வேண்டிய வண்டி, தகடுகள் மெலிந்திருப்பதால் அவ்வளவு இராது என்ற திருத்தமும் தேநீர் ஆறும் வரை விளக்கப்படும்.

வேலை அரத்தில் தொடங்குகிறது. வார்ப்பச்சின் இரு பாதிகள் சந்தித்த இடத்தில் ஒவ்வொரு கண்ணியிலும் மெல்லிய வரப்பு ஒன்று எழும்பி நிற்கும். அதைத் தேய்த்தெடுத்து, காதுகளின் பக்கவாட்டை மட்டமாக்கி, துளைக்குள் தங்கிய பிசிறை நீக்கி, துளைகள் எல்லாக் கண்ணிகளிலும் ஒரே இடத்தில் விழும்படி இறுக்கிப் பிடிக்கும் ஜிக் என்னும் சட்டத்தில் பொருத்தித் துரப்பணத்தை இறக்கியபின், சோதனைப் பின் ஒன்றைச் செருகி, கண்ணியைச் செங்குத்தாகத் தூக்கி, அது தன் எடையாலேயே தொங்கி மடிகிறதா என்று பார்க்க வேண்டும். மடியாமல் விறைத்து நின்றால் மீண்டும் அரம். கண்ணியை விளக்குக்கு நேரே பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு கண்ணை மூடித் திருப்பித் திருப்பிப் பார்க்கும் அவ்வேளையில் இவரது முகத்தில் படியும் ஐயம், சந்தையில் கத்தரிக்காயைப் புரட்டிச் சொத்தை தேடும் பாட்டிமார் முகத்தில் காணப்படுவதே. ஒரு கண்ணிக்கு 20 நிமிடம் என்று குறைத்து மதிப்பிட்டாலும் மொத்தம் 64 மணி நேரம் ஆகும். ஆனால் இருபது நிமிடத்தில் ஒரு கண்ணியை முடிப்பவரை இவர் அவசரக்காரர் என்றே கருதுகிறார்.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்ற கேள்விக்கு இவரிடம் நேர்மையான விடை உண்டு. ஒவ்வொரு துளையும் பின்னைவிடப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தளர்ந்துபோனால், 96 கண்ணிகளில் அத்தளர்வு கூடிக் கூடி 9.6 மில்லிமீட்டராகிவிடும், அதாவது, கண்ணி நீளத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஒரு கண்ணியைக் கழற்றினால் சங்கிலி எட்டாது, கழற்றாவிட்டால் தொய்யும் என்ற, எவ்வழியும் செல்ல முடியாத நிலை அது. உண்மையான டாங்கிகளிலும் சங்கிலி நீண்டுவிட்டது என்று சொல்லப்படும்போது இரும்பு நீள்வதில்லை. பின்னும் துளையும் தேய்ந்து அவற்றின் இடைவெளிகள் கூடுகின்றன. டைகரின் படைவீரர்கள் பின்புறத்து இறுக்குச் சக்கரத்தை நகர்த்தி இறுக்குவார்கள், அதற்கும் அடங்காவிட்டால் ஒரு கண்ணியைச் சம்மட்டியால் தட்டிக் கழற்றி எறிவார்கள், தெரிந்த வசைச்சொற்கள் அனைத்தையும் அதற்கிடையே பயன்படுத்துவார்கள். கண்ணி கோப்பவர் சம்மட்டியும் எடுப்பதில்லை, வசையும் உதிர்ப்பதில்லை. பெருமூச்சு விட்டு, அத்துளையில் பித்தளைக் குழல் ஒன்றை இறக்கி, மீண்டும் துளையிடுகிறார். இந்த ஒரு விஷயத்தில் டைகரின் படைவீரர்களே அறிவாளிகள் என்று சொல்லத் தோன்றுகிறது.

சங்கிலியே முதன்மையானது என்ற தம் கொள்கைக்கு இவர் வரலாற்றையும் துணைக்கு அழைக்கிறார். வியப்பு என்னவென்றால், வரலாறும் வந்து நிற்கிறது. 1915இல் லிங்கன் நகரத்து வில்லியம் பாஸ்டர் நிறுவனத்தில் வில்லியம் டிரிட்டனும் வால்டர் வில்சனும் உலகின் முதல் டாங்கியை உருவாக்க முயன்றபோது, எஞ்சினும் கிடைத்தது, தகடும் கிடைத்தது; அமெரிக்காவிலிருந்து வரவழைத்த சங்கிலிப்பட்டைதான் காலை வாரியது. பள்ளத்தைக் கடக்கையில் அது தொய்ந்து தொங்கி, சக்கரங்களை விட்டு விலகிக் கழன்றது. அழுத்திச் செய்த எஃகுத் தகடுகளால் ஆன, சட்டத்தை விட்டுத் தொங்காத புதிய கண்ணி ஒன்றை அவ்வாண்டு செப்டம்பரில் டிரிட்டன் வடிவமைத்தார். பழையது இறந்தது, புதியது பிறந்தது என்ற தோரணையில் கடற்படை அலுவலகத்துக்குத் தந்தியும் கொடுத்தார். அடுத்த ஆண்டு 1916 செப்டம்பர் 15 அன்று சொம் போர்க்களத்தில் டாங்கிகள் முதன்முதலாக ஊர்ந்ததற்கு அந்தக் கண்ணியே காரணம். இவ்வரலாற்றைச் சொல்லி முடிக்கும்போது, டிரிட்டனுக்குத் தாம் ஏதோ ஒரு வகையில் தம்பி முறை என்ற பாவனை கண்ணி கோப்பவரின் குரலில் ஏறிவிடுகிறது.

பின் கழன்று விழாதிருக்கச் செய்யும் வழிகளைப் பற்றி இவர் பேசத் தொடங்கும்போது நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொள்வது நல்லது. சோவியத் நாட்டின் டி-34 டாங்கியில் பின்களுக்கு ஒரு பக்கம் தலை உண்டு, மறுபக்கம் பூட்டு ஏதும் இல்லை. வெளியே நழுவும் பின்னை, வண்டி ஓடும்போதே உடற்பகுதியில் பற்றவைத்த சாய்ந்த தகடு ஒன்று தட்டி உள்ளே தள்ளிவிடும். இந்த எளிமையைக் கண்டு இவர் மனம் உருகுவதும், உடனே தம்முடையது ஜெர்மானிய வண்டி என்பது நினைவுக்கு வந்து, பின்னின் முனைதோறும் வளையம் மாட்டத் தொடங்குவதும் ஒரே நிமிடத்தில் நிகழும்.

கோத்து முடித்தபின் வருவது, இவ்வினத்தாரின் உண்மையான சமயப்பிரிவாகிய துருவியல். மாதங்கள் செலவிட்டு மினுமினுக்கத் தேய்த்த உலோகத்தை, போர்க்களத்தில் பல நூறு கிலோமீட்டர் உழன்றதாகக் காட்ட வேண்டிய கட்டாயம் இங்கே எழுகிறது. முதலில் எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும். இதற்குத் தகுந்த கருவி பாத்திரம் கழுவும் எந்திரமே என்று இவர் கண்டறிந்திருப்பது, அது இல்லத்தரசியின் கண்ணில் படும் வரை சிறந்த கண்டுபிடிப்பாகவே திகழ்கிறது. எஃகுக் கண்ணியானால் துப்பாக்கிக் குழலைக் கருமையாக்கும் கரைசலில் நனைத்தோ, வினிகரில் உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து தெளித்தோ நிறத்தை வரவழைக்கலாம். அலுமினியக் கண்ணி இவற்றுக்கு மசியாது, அதற்குப் பிடிப்பு தரும் அடிப்பூச்சும் வண்ணமும் தேவை. சாடிகளில் மாதிரித் துண்டுகள் ஊற, அவற்றின்மேல் தேதியிட்ட சீட்டுகள் ஒட்டியிருக்க, கொட்டகை ஊறுகாய்க் கடையின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது.

எந்த இடத்தில் துரு, எந்த இடத்தில் பளபளப்பு என்பதில்தான் நட்புகள் முறிகின்றன. ஷெபீல்டைச் சேர்ந்த ராபர்ட் ஹாட்பீல்டு 1882இல் கண்டறிந்த மாங்கனீசு எஃகு, அடிபட அடிபட இறுகும் தன்மையால் டாங்கிச் சங்கிலிகளுக்கு ஏற்றதாயிற்று. ஓடும் வண்டியில் அத்தகைய எஃகின் தரையில் படும் முகடுகள் வெள்ளிபோல் மின்னும், பள்ளங்கள் மட்டும் பழுப்பேறும். ஆகவே, சங்கிலி முழுவதையும் செங்கல் நிறத்தில் குளிப்பாட்டுபவர்களைக் கண்ணி கோப்பவர் மனிதர்களில் சேர்ப்பதில்லை. தொடக்க கால டைகரின் தாங்கு சக்கரங்களுக்கு ரப்பர் வளையம் உண்டு. 1944இல்தான் எஃகு விளிம்புச் சக்கரம் வந்தது. எனவே முந்தைய வண்டியின் கண்ணிகளது உட்புறத்தில் இரும்பு உரசிய வெண்கோடுகளைத் தீட்டுவது காலவழு. தரையைப் பற்றும் கூடுதல் வரிப்புடைப்புகள் கண்ணிகளில் இடம்பெற்றது 1943 இலையுதிர் காலத்தில். டார்செட் மாவட்டம் பொவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இன்றும் ஓடும் நிலையிலுள்ளதும், 2014இல் ‘பியூரி’ திரைப்படத்தில் நடித்ததுமான 131ஆம் எண் டைகர், துனீசியாவில் ஆங்கிலேயரிடம் சிக்கியதோ அதற்கு முன்பே, 1943 ஏப்ரலில். அதன் மாதிரியில் வரிப்புடைப்பைக் கண்டவுடன் இவர் எதுவும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அறிந்தவர்களுக்கு அக்கண்டனம் போதுமானது.

குடும்பத்தாரிடம் மட்டும் இந்த நுண்மை எடுபடுவதில்லை. 1:6 என்பது, 1959 முதல் விற்கப்பட்டுவரும் பார்பி பொம்மைக்கும் ஏறக்குறைய அமைந்த அளவு. பேத்தி, மேற்கூண்டின் திறப்பில் இளஞ்சிவப்பு உடையணிந்த பார்பியை நிறுத்திவிட்டுப் போகும்போது, அளவு தவறு என்று சொல்லி எடுத்துவிட இவருக்கு வழியில்லை. அவளது காலணி அக்காலத்துக்கு உரியதன்று என்ற ஒற்றை மறுப்பைப் பதிவு செய்வதோடு நிறுத்திக்கொள்கிறார்.

இறுதிப் பின்னைச் செருகுவதே மிகக் கடினமான பணி. சங்கிலியை முன்புறப் பல்சக்கரத்தின் மேலும் பின்புற இறுக்குச் சக்கரத்தின் மேலும் சுற்றி, இரு முனைகளையும் பிடிமானக் கருவிகளால் இழுத்து, முழங்காலால் முட்டுக்கொடுத்து, துளைகள் நேராகும் கணத்தில் பின்னைத் தள்ள வேண்டும். இதற்கு மூன்று கைகள் தேவைப்படுவதால், இதுநாள்வரை கொட்டகைக்குள் அனுமதிக்கப்படாத மைத்துனர் அழைக்கப்படுகிறார். அவர் ஒரே தட்டில் பின்னை உள்ளே இறக்கிவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டால், அவரது பிறந்தநாள் அவ்வாண்டு மறக்கப்படும்.

பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முந்தைய இரவு மழை பெய்த புல்தரையில், அண்டை வீட்டார் வேலிக்கு மேலாக எட்டிப் பார்க்க, வண்டி நகர்கிறது. 192 கண்ணிகளும் கிணுகிணுத்து ஓடி, புல்லை உரித்து, திரும்பும் இடத்தில் களிமண்ணை வாரிப் பூசிக்கொள்கின்றன. முகடுகளின் மினுக்கமும் பள்ளங்களின் பழுப்பும் மூன்றே நிமிடத்தில் சேற்றுக்குள் மறைகின்றன. எத்தனை இயற்கையாக இருக்கிறது என்று அண்டை வீட்டார் மனமாரப் பாராட்டுகின்றனர். கண்ணி கோப்பவரோ முகம் கறுத்து நீர்க்குழாயைத் தேடி ஓடுகிறார். ஒட்டியிருப்பது இங்கிலாந்தின் களிமண், வேண்டியது துனீசியாவின் புழுதி, அதுவோ சலித்து, பசையோடு குழைத்து, கொட்டகையில் மூன்றாவது சாடியில் ஆயத்தமாக இருக்கிறது. கழுவியபின் ஈரத்தை அப்படியே விடுவதற்கில்லை. மனைவியின் கூந்தல் உலர்த்தியைக் கொண்டுவந்து கண்ணி கண்ணியாகக் காட்டுகிறார். உண்மையான துரு பிடித்துவிட்டால், குளிர்காலம் முழுவதும் பாடுபட்டு ஏற்றிய துரு கெட்டுவிடும்.