குறுக்கே போதல்: பம்பாய்த் தமிழர் வேலைச்செலவு குறித்த ஓர் ஆராய்ச்சி

ஏறலும் இறங்கலும் நிற்றலும் நெரிதலும்
மாறலும் என்றிவை மாநகர்ச் செலவே.

என்பது நூற்பா. இதை இயற்றியவர் இக்கட்டுரையாளரே. பழஞ்சுவடி அகப்படும்வரை காத்திருந்தால் வேலையில் சேரும் தேதி போய்விடும். இஃது என் நுதலிற்றோ எனின், மும்பையில் புதுவேலை கிடைத்த ஒருவர் அவ்வேலைக்கு எவ்வழியே போய்ச் சேர்வது என்பதை உணர்த்துதல் நுதலிற்று. உட்கார்தல் இதில் ஓதப்படாதது என்னையோ எனின், அது விதியன்று, அருளாதலின்.

ஆய்வின் வசதிக்காக மூன்று மாந்தரைக் கற்பித்துக்கொள்வோம். ஒருவர் தாராவிக்காரர், ஒருவர் மாட்டுங்காக்காரர், ஒருவர் செம்பூர்க்காரர். மூவருக்கும் ஒரே திங்கட்கிழமை, ஒரே இடத்தில் வேலை: பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸ், உலக வழக்கில் பிகேசி. தேசியப் பங்குச்சந்தையும் செபியும் வைரச் சந்தையும் கண்ணாடிக் கட்டடங்களும் குடிகொண்ட இடம். வரைபடத்தில் பார்த்தால் மூவர் வீடும் அதற்குப் பக்கம்தான். விராரிலிருந்தும் பன்வேலிலிருந்தும் வருகிறவர்கள் இவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதுண்டு. அப்பெருமூச்சு வீண் என்று நிறுவுவதே இவ்வாராய்ச்சியின் பயன்.

முதலில் பூர்வபட்சம். இங்கே எதிர்வாதி கைபேசி வரைபடம். அது ஒரு நீலப் புள்ளியை இன்னோர் இடத்துக்கு நகர்த்தி இத்தனை நிமிடம் என்கிறது. நீலப் புள்ளிக்குத் தோள் இல்லை, தோளில் லேப்டாப் பை இல்லை, பையில் சாம்பார் டப்பா இல்லை. ஆதலால் அதன் கூற்று புள்ளிகளுக்கு மட்டுமே பொருந்தும் என மறுக்க. அன்றியும், 1912-ல் கட்டிய சயான் மேம்பாலத்தை இடித்துக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்ட் 1 அன்று மூடினார்களே, அன்றைக்கு அந்தப் பக்கத்து வழிகள் அத்தனையும் கலைந்து போயின. ஒரு பாலத்தை மூடினால் மாறிவிடும் உண்மையைச் சித்தாந்தம் என்று எப்படிக் கொள்வது?

நம் மரபில் அளவை மூன்று: காண்டல், கருதல், உரை. காண்டல் பற்றிப் பின்னர் சொல்வோம். உரை என்பது பெரியோர் வாக்கு. புதுவேலை கிடைத்த வீட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அதை ஆராய்ந்து கொள்ளவேண்டும். செம்பூர்ப் பெரியப்பா அணு ஆராய்ச்சி மையத்திலோ உரத் தொழிற்சாலையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் பஸ் தெருமுனைக்கே வந்து அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. மாட்டுங்காத் தாத்தா நகரின் தெற்கு முனையில் இருக்கும் கோட்டை வட்டாரத்தில் ஸ்டெனோ. நிலையத்துக்கு நடந்தால் ஸ்லோ வண்டி, ஸ்லோ வண்டியில் நின்றால் வி.டி. நிலையம். தாராவித் தாத்தாவுக்குக் கீழே பட்டறை, மேலே வீடு. ஏணிதான் அவருடைய பயணம். மூவருமே நேர்கோட்டில் போய் வந்தவர்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவர்கள் சொல்லும் வழி கோட்டைக்குப் போகும் வழியே. அதில் பிழை இல்லை. கோட்டையில் வேலை இல்லை, அவ்வளவுதான்.

இனிக் கருதல். இவ்விடத்தில் வரலாறு இன்றியமையாதது. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தானேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிய முதல் வண்டி தொடங்கி, இந்நகரின் இருப்புப்பாதைகள் எல்லாம் தெற்கு முனையை நோக்கியே போடப்பட்டன. துறைமுகமும் கோட்டையும் அங்கே இருந்தன. பருத்தியும் குமாஸ்தாக்களும் அங்கே போய்ச் சேரவேண்டியிருந்தது. மேற்கில் ஒன்று, நடுவில் ஒன்று, கிழக்கில் ஹார்பர் என்று மூன்று கோடுகள். மூன்றும் வடக்கு தெற்காக ஓடும். பிறகு 1970-களில், தெற்கு முனை பிதுங்குகிறதே என்று, ஆபீஸ்களை நகரின் நடுவுக்கு இழுக்கத் திட்டமிட்டார்கள். மித்தி ஆற்றங்கரைச் சதுப்பில் பிகேசி எழுந்தது. ஆபீஸ்கள் நடுவுக்கு வந்தன. தண்டவாளம் தெற்கைப் பார்த்தபடியே இருக்கிறது. இதிலிருந்து பெறப்படும் விதி: மும்பையில் நீளவாக்கில் போதல் எளிது, குறுக்கே போதல் அரிது. விராரிலிருந்து சர்ச்கேட்டுக்கு ஒரே வண்டி. தாராவி, மாட்டுங்கா, செம்பூரிலிருந்து பக்கத்து வீடு மாதிரி இருக்கும் பிகேசிக்கு நேரே ஒரு லோக்கலும் இல்லை.

இனிச் செம்பூர்க்காரர். இவர் நிலையே ஆய்வுக்கு மிகுந்த தீனி தருவது. ஹார்பரில் ஏறினால் திலக் நகர், அடுத்தது குர்லா. இரண்டே நிலையம். ஆனால் செம்பூருக்கு வரும் வண்டி பன்வேலிலோ வாஷியிலோ புறப்பட்டு, மான்கூர்த், கோவண்டி எல்லாம் தாண்டி வருவது. ரயில்வே வழக்கில் ‘சூப்பர் டென்ஸ் கிரஷ் லோடு’ என்றொரு கலைச்சொல் உண்டு: நிற்கும் இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 14 முதல் 16 பேர். லேப்டாப் பைகளை அந்தக் கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை. இந்த நிலையில் இரண்டு நிலையப் பயணி உள்ளே போகவே கூடாது. போனால் வடாலாவில்தான் வெளிவருவார். வாசலில் நிற்கலாம் என்றால் வாசலுக்குப் பரம்பரை உரிமையாளர்கள் இருக்கிறார்கள். மூவர் பெஞ்சில் நெருக்கிப் பெறும் நாலாவது சீட், ஜன்னல் சீட் முதலிய தத்துவங்கள் நெடுந்தூரப் பயணிகளுக்கு உரியன. இவருக்கு அவை கேள்வி ஞானம் மட்டுமே.

ஆகவே இவர் கற்கவேண்டியது ஒரு மந்திரம். முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டு, வினா எழுத்து எதுவும் இல்லாமல், “குர்லா?” என்று மட்டும் கேட்கவேண்டும். அவர் தலையசைத்தால் அவரும் இறங்குகிறார். அவர் பின்னாலேயே போய்விடலாம். அசைக்காவிட்டால் அவருக்கு முன்னால் இருப்பவரிடம் அதே மந்திரம். இவ்வாறு வாசல்வரை ஓதிக்கொண்டே போவதே கதி. திலக் நகரில் தொடங்கினால் காலம் தாழ்ந்தது என்க. செம்பூரில் ஏறும்போதே தொடங்கவேண்டும்.

குர்லாவில் இறங்கியவுடன் பயணம் முடிந்ததாகக் கொள்வது புதியவர் மயக்கம். ஹார்பர் வண்டி நிற்பது 7, 8 எண் நடைமேடைகளில், கிழக்கோரம். பிகேசிக்குப் போகும் 310 எண் பெஸ்ட் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மேற்கே. இடையில் மத்திய ரயில்வே முழுவதும் ஓடுகிறது. படியேறி, பாலத்தில் எதிர்வரும் மக்களைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் இறங்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் ரயிலில் இருந்த நேரம் சொற்பம். பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 2025 மே மாதத்தில் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயானது. இதற்கு இவர் வருத்தப்பட்டதாகக் குறிப்பில்லை. பஸ் கிடைத்தாலே போதும் என்ற நிலை.

செம்பூரில் மோனோ ரயில் இருக்கிறதே என்பார் உளர். 2014 பிப்ரவரியில் செம்பூருக்கும் வடாலாவுக்கும் இடையே ஓடத் தொடங்கி, 2019-ல் ஜேக்கப் சர்க்கிள் வரை நீண்டது. உட்கார இடம், ஏசி, ஜன்னலோரக் காட்சி எல்லாம் உண்டு. எல்லாப் பொருத்தமும் அமைந்து, வேலைக்கு மட்டும் போகாத மாப்பிள்ளை அது. பிகேசி பக்கம் அது தலைவைத்தும் படுத்ததில்லை. 2025 செப்டம்பரில் மேம்பாட்டுப் பணி என்று சேவையையே நிறுத்தி வைத்தார்கள். செம்பூரையும் பிகேசியையும் நேராக இணைக்கும் மெட்ரோ 2பி-யைப் பற்றிச் செம்பூர்க்காரர்கள் எதிர்காலத்தில் பேசுவது வேறு. இவ்வாய்வு நிகழ்காலத்தது.

மாட்டுங்காக்காரர் பாடு இதனினும் நுட்பமானது. அவருக்கு நிலையத்துக்குக் குறைவில்லை. மத்திய பாதையில் மாட்டுங்கா, மேற்குப் பாதையில் மாட்டுங்கா ரோடு, ஹார்பரில் கிங்ஸ் சர்க்கிள். இவற்றுள் மாட்டுங்காவே அவருடைய அபிமான நிலையம். 2017 முதல் பெண் ஊழியர்களே நடத்தும் நிலையம் என்று விருந்தாளிக்குக் காட்டும் பெருமையும் அதற்கு உண்டு. ஆனால் அங்கிருந்து பிகேசிக்குப் போக, தாதர் போய் இறங்கி, பாலம் ஏறி, மேற்குப் பாதைக்கு மாறி, பாந்திராவுக்குத் திரும்பி வடக்கே வரவேண்டும். வடக்கே இருக்கும் ஊருக்குத் தெற்கே போய் வழி தேடுவது.

குறுக்கே போதல் இந்நகரில் அரிது என்று மேலே சொன்னோம் அல்லவா? அதற்குப் புறனடை ஒன்று உண்டு. வடாலாவில் ஹார்பரிலிருந்து பிரியும் கிளை, கிங்ஸ் சர்க்கிள், மாஹிம், பாந்திரா என்று மேற்கே சாய்கிறது. கிங்ஸ் சர்க்கிளில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் பாந்திரா. இது சரியான விடை. சரியான விடையாக இருந்தும் மாட்டுங்காவில் இதை யாரும் முதலில் சொல்வதில்லை. காரணம், ‘நம்ம ஸ்டேஷன்’ என்றால் அவர்களுக்கு மாட்டுங்காதான். டாக்சியில் போகலாம். ஆட்டோவில் போகலாமா எனின், ஆகாது. சயானையும் மாஹிமையும் தாண்டித் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதியில்லை. மாலையில் பிகேசியில் ஆட்டோ பிடித்தால் சயான் எல்லையில் இறக்கிவிடப்படுவார். மிச்சத் தூரம் கால் வழி.

கடைசியாகத் தாராவி. காண்டல் அளவையைப் பின்னர் சொல்வோம் என்றது இதற்காகவே. பழைய குப்பைமேட்டில் வளர்ந்த மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காப் பக்கம் நின்றால் எதிரே பிகேசி கண்ணில் படும். இடையில் மித்தி ஆறு. 2025 மே மாதம் முதல் மெட்ரோ 3 தாராவியில் நிற்கிறது. அடுத்த நிலையம் பிகேசி. ஆற்றுக்கடியில் சுரங்கம், குறைந்த கட்டணம் 10 ரூபாய். குறுக்கே போகும் சிக்கலுக்கு நகரம் தாராவிக்காரருக்குத் தந்த நேர்மையான விடை இது. நடைமேடைக்குக் கீழிறங்கி, மறுபக்கம் மேலேறும் நேரத்தைச் சேர்த்தாலும் நேர்மை குறையவில்லை.

ஆனால் ஒன்றைப் பதிவு செய்யாமல் போனால் ஆய்வு பொய்யாகும். மெட்ரோ வருவதற்கு வெகுகாலம் முன்பே தாராவிக்காரர்கள் பிகேசிக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். கட்டடம் கட்டியவர்கள், தரை துடைப்பவர்கள், வாசலில் நிற்கும் செக்யூரிட்டிகள், கேன்டீனில் பாத்திரம் கழுவுபவர்கள். அவர்களுள் பலர் பாலத்தின் மேல் நடந்தே போனார்கள். போக்குவரத்துத் திட்டங்கள் டிக்கெட் வாங்குபவரைத்தான் எண்ணும். நடப்பவர் டிக்கெட் வாங்குவதில்லை, ஆதலால் எண்ணப்படுவதில்லை. மூன்று மாந்தருள் ஆபீசுக்கு முதலில் போய்ச் சேருபவர் யார் என்ற கேள்விக்கு விடை அந்தப் பாலத்தில் இருக்கிறது. கணினி முன் உட்காரும் வேலை கிடைத்த தாராவிப் பையன் மட்டும், நடந்து போனால் சட்டை கசங்கும் என்று மெட்ரோவில் போகிறான். அதில் குற்றம் காண இடமில்லை.

இனி ஒரு தடை. லோக்கல் ரயிலின் மூன்று மாதப் பாஸின் விலை மாதப் பாஸைப் போல 2.7 மடங்குதானே, அதையே எடுத்துவிட்டால் மிச்சமாகாதா எனின், மிச்சமாகும். ஆயினும் புதுவேலையில் முதல் ஆறு மாதம் புரொபேஷன். மேலாளரின் மனம் குர்லா பாலத்தைவிட நெரிசலானது. ஆகவே முதலில் மாதப் பாஸே எடுக்க. அதுவும் சேரும் நாளுக்கு முந்தைய ஞாயிறே வரிசையில் நின்று எடுக்க. அன்றைக்கு மாட்டுங்காவுக்கும் முலுண்டுக்கும் இடையே பராமரிப்புக்கான மெகா பிளாக் பெரும்பாலும் இருக்கும். வண்டி குறைவாதலால் கவுன்டரில் கூட்டமும் குறைவு.