எங்கள் வீட்டையும் நினைவுச்சின்னமாக அறிவியுங்கள்!

பெறுநர்: தலைமை இயக்குநர், இந்தியத் தொல்லியல் துறை, புது தில்லி.

பொருள்: பாதியில் நிற்கும் வீட்டு வேலைகளைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1958-ஆம் ஆண்டு தொன்மைச் சின்னங்கள் சட்டமும் அதன் 2010-ஆம் ஆண்டுத் திருத்தமும்.

மதிப்பிற்குரிய ஐயா,

மாமல்லபுரத்தில் பீம ரதத்தின் அடிப்பாகம் முடியவில்லை. வலையன்குட்டை ரதமும் பிடாரி ரதங்களும் முடியவில்லை. ஒரு அர்ச்சுனன் தபசு போதாதென்று இன்னொரு பாறையில் இன்னொன்றைத் தொடங்கி, அதையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். இவ்வளவையும் தாங்கள் வேலி போட்டுக் காத்து வருகிறீர்கள். 1984-இல் யுனெஸ்கோவும் மாமல்லையை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிவிட்டது. பாதி வேலைக்கு இத்தனை மரியாதை உண்டென்றால், எங்கள் வீட்டுக்கும் அதில் பங்கு வேண்டும்.

தங்கள் ஆய்வுக்காகச் சில விவரங்கள். கூடத்துச் சுவரில் நிறம் பார்ப்பதற்காக என் கணவர் நான்கு கட்டங்களை நான்கு நிறத்தில் அடித்தார். தேர்வு முடிவு இன்னும் வெளியாகவில்லை. மூலையில் புத்தக அலமாரி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, ரசமட்டம் வைத்து நிறுத்தியது. குறை சொல்ல முடியாது. கதவுகள் மட்டும் பீரோவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கின்றன. கீல்கள் அஞ்சறைப்பெட்டியில், வெந்தயத்துக்குப் பக்கத்தில். ஊஞ்சலுக்குக் கூரையில் கொக்கி மாட்டியாயிற்று, பலகை வரவில்லை. கொக்கியை அண்ணாந்து பார்க்கும் விருந்தினர் அதன்பின் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்கிறார்கள்.

கழுகுமலை வெட்டுவான் கோயிலை 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்தார்கள். சிகரம் முடிந்தது, அடித்தளம் முடியவில்லை. எங்கள் படுக்கையறைச் சுவருக்குப் பட்டி பார்த்ததும் பாண்டியர் முறையில்தான். கட்டிலில் படுத்தால் தெரியும் உயரம் வரை வழவழப்பு, கீழே வெறும் சிமெண்ட்.

ஆட்சி மாறியதால் மாமல்லையில் வேலை நின்றிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. எங்கள் வீட்டில் அதே மன்னர்தான், அதே ஆட்சிதான். மாறுவது யோசனை. அலமாரிக்குக் கதவு மாட்ட உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு மாடித்தோட்டம் தோன்றியது. இப்போது மொட்டைமாடியில் தேங்காய் நார்க்கழிவு மூட்டையாக இருக்கிறது, செடி இல்லை. கேட்டால் ஸ்ரீரங்கத்தைக் காட்டுகிறார். நூற்றாண்டுக் கணக்கில் மொட்டையாக நின்ற ராஜகோபுரம் 1987-இல் 13 நிலைகளோடு 236 அடிக்கு எழும்பவில்லையா என்கிறார். முடித்துவைத்த அகோபில மடத்து ஜீயருக்கு அப்போது தொண்ணூறு வயதுக்கு மேல் என்பதையும், தனக்கு இன்னும் அவகாசம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்.

அவரை மட்டும் குற்றம் சொல்லவும் மாட்டேன். தொடங்குகிறவருக்கு ஊரே துணை. ஹார்டுவேர் கடைக்காரர் நாற்காலி போடுகிறார், பக்கத்து வீட்டுக்காரர் டிரில்லிங் மெஷினைப் பார்க்க வருகிறார். அடிக்கல் நாட்டு விழாவுக்குப் பந்தல் உண்டு, பன்னீர் உண்டு. கடைசித் திருகாணியை முடுக்குகிறவருக்கு முதுகுவலிதான் மிச்சம். கைப்பிடி வைத்த கதவைப் பார்த்து யாரும் எதுவும் சொல்வதில்லை.

இங்கேதான் தங்கள் சட்டம் கைகொடுக்கிறது. சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிதாக எதையும் கட்டக் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. 100 மீட்டருக்குள் உள்ளதைப் பழுதுபார்க்க மட்டும் அனுமதி வாங்கலாம். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இல்லறத்துக்கு இதைவிட நல்ல சட்டம் இதுவரை யாரும் எழுதவில்லை. புதிய ஷெல்ஃபுக்குச் சுவரில் துளை போட்டால் குற்றம். பழைய அலமாரிக்குக் கீல் மாட்டினால் திருப்பணி. அனுமதி வழங்கும் பொறுப்பை என்னிடம் விட்டால் தங்கள் துறைக்கும் வேலை மிச்சம்.

சின்னத்துக்கு 100 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று தாங்கள் மறுக்கலாம். வேலை போகிற போக்கில் அதை எட்டிவிடுவோம். இதை முன்பதிவாகக் கொள்ளவும். தாமதத்தின் அருமை தங்களுக்குத் தெரியாததா? ஆதிச்சநல்லூரில் 2004-இலும் 2005-இலும் தாங்கள் தோண்டியதற்கு அறிக்கை கேட்டு உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அதைச் செய்தித்தாளில் படித்த அன்று என் கணவர் தங்கள் துறையை மிகவும் பாராட்டினார்.

இப்படிக்கு,
ஒரு குடும்பத் தலைவி

பி.கு.: 'பாதுகாக்கப்பட்ட சின்னம்' என்ற அறிவிப்புப் பலகையைத் தானே செய்து தருவதாக அவர் கிளம்பியிருக்கிறார். பிளைவுட் வந்து இறங்கிவிட்டது. தயவுசெய்து பலகையைத் துறையே எழுதி, துறையே நட்டுவிடவும்.