கீக்குன்னா பூட்டிக்கிச்சா, மாப்ள?

வா மாப்ள, உக்காரு. நேத்து சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் டீக்கடை வாசல்ல புது காரை நிறுத்திட்டு, பத்தடி நடந்து, திரும்பிக்கூட பாக்காம கையைப் பின்னால நீட்டி ஒரு அமுக்கு அமுக்கினியே! வண்டியும் கண்ணை மினுக்கிக்கிட்டு 'கீக்'குன்னுச்சு. ஊரப்பாக்கமே வாயைப் பொளந்து பாத்துச்சு. பொண்டாட்டி கூப்பிட்டா நீகூட இவ்ளோ சீக்கிரம் பதில் சொல்லமாட்ட.

டேஷ்போர்டுப் பெட்டியில இன்னா வச்சிருக்கன்னு கேட்டேன். ஆர்.சி. புக்கு, வூட்டு மாத்துச்சாவி, சீட்டுப் பணம் வச்ச கவரு. "சென்ட்ரல் லாக் போட்டாச்சு மாமா, எல்லாமே பூட்டிக்கும்"ன. அங்கதான் எனக்கு டீ புரையேறுச்சு.

ஒவ்வொரு கதவுக்குள்ளயும் ஒரு குட்டி மோட்டார் குந்தியிருக்குது. ரிமோட்டை அமுக்கினா அதுக்குக் கரண்டு போகும். பல்சக்கரம் சுத்தும், பூட்டைத் தள்ளும். டிக்கிக்கும் அப்படித்தான். உன் டேஷ்போர்டுக்கு மட்டும் அந்த ஒயரே போகலை. போய்க் குனிஞ்சு பாரு. பிடியை இழுத்தா ரெண்டு பிளாஸ்டிக் கொக்கி உள்ள போகும், விட்டா ஸ்பிரிங்கு தள்ளி மாட்டிக்கும். அவ்ளோதான் அதோட வீரம். உங்க ஆயாவோட அஞ்சறைப் பெட்டி இதைவிட இறுக்கம். சில வண்டியில சாவித் துவாரம் உண்டு. உன்னுதுலயும் இருக்குது, ஒருநாளாச்சும் சாவியைப் போட்டுத் திருகினியா?

கூரையை மடக்குற சீமை வண்டிங்க கொஞ்சம் உண்டு. மேல வானம் திறந்து கெடக்குறப்ப கதவைப் பூட்டி இன்னா புண்ணியம்? அதனால அதுல சிலதுல கதவோட டேஷ்போர்டும் சேர்ந்தே பூட்டிக்கும். கூரையில்லாத வூட்டுக்காரனுக்கு இருக்குற புத்தி பாரு.

அந்தப் பெட்டிக்கு இங்கிலீசுக்காரன் வச்ச பேரே கையுறைப் பெட்டி. டாரதி லெவிட்னு ஒரு அம்மா, பந்தயத்துல கார் ஓட்டினவங்க, 1909லயே பொம்பளைங்களுக்காகக் கார் புஸ்தகம் போட்டாங்க. கையுறையை சீட்டுக்கு அடியில இருக்குற டிராயர்ல வையுங்கன்னாங்க. கையுறைதான் மாப்ள! சீட்டுப் பணம்னு சொல்லலை.

நம்ம பெருங்களத்தூர்ல ஸ்டாண்டர்டு கம்பெனி கார் பண்ணின காலத்துல, வண்டியைச் சுத்தி வந்து ஒவ்வொரு கதவா இழுத்துப் பாப்பானுங்க. நோவுதான். ஆனா எது பூட்டிக்கிச்சு, எது பூட்டலைன்னு கைக்குத் தெரியும். உனக்குக் காதுதான் சாட்சி.

சரி, திருடன் கண்ணாடியை ஒடைச்சான்னு வையி. கொக்கியை இழுக்குறான். ஆர்.சி.யில உன் பேரு, தெருவு, கதவு நம்பரு. பக்கத்துலயே வூட்டுச் சாவி. வழியையும் சொல்லி சாவியையும் குடுத்து அனுப்புற மகராசன் நீ. ஒரு சொம்பு தண்ணி மட்டும்தான் பாக்கி. அந்த ஆர்.சி.யைப் போன்ல டிஜிலாக்கர்ல காட்டினா செல்லும்னு 2018லயே மத்திய சர்க்கார் சொல்லியாச்சு. நாள் முழுக்க போனை நோண்டுற, இது மட்டும் கண்ணுல படலையாக்கும்.

கண்ணாடியைக்கூட ஒடைக்க வேணாம். சர்வீசுக்கு விடுற, ஓட்டல் வாசல்ல பார்க்கிங் பையன்கிட்ட நீட்டுற. சாவி யார் கையில இருக்குதோ, டேஷ்போர்டும் அவன் கையில. நேத்துகூட, "மாமா, மழை தூறுது, வண்டியில இருக்குற குடையை எடுத்தா"ன்னு சாவியை என் கையில குடுத்தியே.

இன்னா மாப்ள, வேர்க்குது? உக்காரு, ஓடாத. கவரு இதோ என் மடியிலதான் கீது. எண்ணிக்கோ. நூறு ரூபா கொறையும்; டீயும் வடையும் நீயே வாங்கிக் குடுத்ததா நெனச்சிக்கோ.