கட்டி தட்டிய ரவை: தொப்பம்பட்டியை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

ஆய்வெல்லை: தொப்பம்பட்டி என்ற பெயரில் கோவைப் பக்கமும் ஓர் ஊர் உண்டு. இக்கட்டுரையின் முடிவுகள் திண்டுக்கல் மாவட்டத்துத் தொப்பம்பட்டி ஒன்றியத்துக்கே பொருந்தும். கோவைக்காரர்களின் உப்புமாவுக்கு அவர்களே பொறுப்பு.

ஆய்வுப் பொருள்: பாக்கெட்டில் வரும் ஆர்கானிக் கூஸ்கூஸ்.

முன்னாய்வுகள்: கிடைக்கவில்லை. எனினும் முன்னாய்வாளர் அனைவரையும் இக்கட்டுரை மறுக்கிறது.

கூஸ்கூஸ் தனித் தானியம் அன்று. டியூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையில் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் உருட்டி, சல்லடையில் சலித்து, ஆவியில் வேகவைப்பது. சுருங்கச் சொன்னால், ரவையை வேண்டுமென்றே கட்டி தட்ட வைப்பது. ஆய்வுலகம் கோட்டைவிட்ட இடம் இதுதான். தொப்பம்பட்டியில் ரவை கட்டி தட்டினால் மருமகளுக்கு ஏச்சு. அல்ஜீரியா, மொராக்கோ, மொரிட்டானியா, துனிசியா என்ற நான்கு நாடுகள் கட்டி தட்ட வைத்ததற்கோ, 2020-இல் யுனெஸ்கோ அந்தக் கைப்பக்குவத்தை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

கட்டி மூவகைப்படும். கடுகளவு மரபு, மிளகளவு கவனக்குறைவு (பாட்டி, வாய்மொழி, அடுப்பங்கரை), நெல்லிக்காயளவு குடும்பத் தகராறு (அதே பாட்டி, மறுநாள், திருத்திய பதிப்பு, அத்தையின் மறுப்புரை பேச்சுவார்த்தை முறிந்ததால் முற்றுப்பெறவில்லை). சுண்டைக்காயளவை நான்காம் வகையாகக் கொள்வாரும் உளர் (உப்புமா நிகண்டு, கரிபிடித்த வாணலிச் சுவடி, கட்டிப் படலம், நாலாம் கரண்டி, கரையான் அரித்த வரிகள், பதிப்பாசிரியர் வழக்கப்படி, அவருடைய முடிவுக்குச் சாதகமாக நிரப்பப்பட்டுள்ளன).

பாத்திரத்துக்கு வருவோம். கீழ்ப்பானையில் குழம்பு கொதிக்கும். மேலே துளையிட்ட பானையில் ரவை வேகும். புட்டுக்குடம் வைத்திருப்போருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். புட்டு ஒட்டகமேறிச் சகாராவைக் கடந்தது என்று நிறுவ இந்தத் துளைகளே போதும். கூடவே கட்டணம் வாங்கிக்கொண்டு ஐ.எஸ்.பி.என். எண்ணோடு அச்சிட்டுத் தரும் ஒரு கருத்தரங்க மலரும் வேண்டும். கட்டுரையாளரிடம் கட்டணம் இல்லை. ஆகவே புட்டு நடந்தே போயிற்று என்ற அளவில் இக்கட்டுரை நிறுத்திக்கொள்கிறது.

பாக்கெட் கூஸ்கூஸை உருட்டுவது இயந்திரம். வேகவைத்து உலர்த்தியே வருவதால், கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்தால் முடிந்தது. யுனெஸ்கோ மெச்சிய உள்ளங்கைக்கு அங்கே வேலையில்லை. ஆர்கானிக் என்ற அடைமொழிக்குச் சான்றளிக்க, 2001-இல் தொடங்கிய அங்கக உற்பத்திக்கான தேசியத் திட்டமும் 'ஜைவிக் பாரத்' முத்திரையும் இந்தியாவில் உண்டு. அவை கோதுமை விளைந்த விதத்துக்கும் பதப்படுத்திய விதத்துக்கும்தான் பொறுப்பேற்கும், கட்டிக்கு அல்ல.

இந்தச் சரக்கு வந்து சேரும் மாவட்டமோ நாகா ரவையும் அணில் சேமியாவும் புறப்படும் திண்டுக்கல். இங்கே எந்த ரவைக்கும் ஒரே விதிதான்: கடுகு, உளுந்து, பச்சை மிளகாய், கறிவேப்பிலை. களஆய்வில் கூஸ்கூஸும் தாளிக்கப்பட்டது. பாட்டி கரண்டியால் புரட்டிப் பார்த்துவிட்டு வெளியிட்ட மூன்றாம் பதிப்பு வருமாறு: "எவளோ கட்டி தட்டவிட்டதைக் காயவச்சு, நம்ம தலையில கட்டிட்டானே!"